சிறைக்குச் சென்ற தாயின் கடிதங்கள்

ஊரைவிட்டு வந்து வேற்று மாநிலத்தில் குடியேறிய நம்மவர் வீடுகளில் ஒரு காலத்தில் கூடத்து மூலையில் ஒரு கம்பி தொங்கும். வந்த கடிதங்களையெல்லாம் அதில் குத்தி வைப்பார்கள். பாட்டி எழுதியது, மாமா எழுதியது, தங்கையின் பிரசவச் செய்தி, நிலத்துக் குத்தகைக் கணக்கு, காய்ச்சலுக்குக் கைவைத்தியம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிக் கிடக்கும். ஒரு குடும்பத்தின் உண்மையான வரலாறு அக்கம்பியில்தான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. பெரியோர்களின் சரித்திரம் எழுதுகிறவர்கள் மேடைப் பேச்சையும் பத்திரிகைச் செய்தியையும் தேடி ஓடுகிறார்களே யொழிய, இந்தக் கம்பியை எட்டிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

இங்கிலாந்தில் அப்படி எட்டிப் பார்த்தவர்கள் இரண்டு பெண்கள். தம் தாயின் நாட்குறிப்பையும் கடிதங்களையும் தொகுத்து 1847-இல் இரண்டு பாகங்களாக அவர்கள் வெளியிட்டார்கள். அத்தாயின் பெயர் எலிசபெத் ஃப்ரை. சிறைக்கைதிகளின், முக்கியமாகப் பெண் கைதிகளின், நல்வாழ்வுக்குப் பாடுபட்டவர் என்ற அளவில் அவர் பெயரை நேயர்கள் அறிந்திருக்கக்கூடும். பதினொரு பிள்ளைகளைப் பெற்ற தாய் அவர் என்பதைப் பலர் அறியார். அந்த இரண்டு வாழ்க்கைகளும் எவ்வாறு ஒரே வீட்டில் நடந்தன, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைக் கடிதங்களே நமக்குச் சொல்லுகின்றன.

எலிசபெத் அம்மையார் 1780-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் நாரிச் நகரில் பிறந்தார். தந்தை ஜான் கர்னி செல்வம் படைத்த வணிகர். நகரையடுத்த ஏர்லாம் மாளிகையில் ஏழு பெண்களும் நான்கு ஆண்களுமாகப் பதினொருவர் வளர்ந்தனர். தாய் 1792-இல் மறைந்தபோது மூத்த மகளுக்கு வயது பதினாறுதான். அவளே தம்பி தங்கையருக்குத் தாயானாள். எலிசபெத்துக்கு அப்போது பன்னிரண்டு வயது. தாயில்லாத இந்தப் பதினொருவரும் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு வளர்ந்த விதமே, பிற்காலத்தில் அவர்களிடையே ஓயாமல் கடிதங்கள் பறந்ததற்குக் காரணம் என்று எண்ணுகிறேன்.

கர்னி குடும்பத்தார் குவேக்கர்கள், அதாவது நண்பர்கள் சங்கம் எனப்படும் கிறிஸ்தவப் பிரிவினர். பாதிரியார் இல்லை, வழிபாட்டில் மௌனமாக அமர்ந்திருப்பார்கள், உள்ளத்தில் ஏவுதல் பெற்றவர், ஆணாயினும் பெண்ணாயினும், எழுந்து பேசலாம். போரில்லை, சத்தியப்பிரமாணம் செய்வதில்லை, ஆடம்பர உடையில்லை. கிழமைகளுக்கும் மாதங்களுக்கும் பழைய தெய்வங்களின் பெயர் இருப்பதால் அவற்றையும் விலக்கி, முதல் நாள், இரண்டாம் மாதம் என்று எண்களாலேயே குறிப்பார்கள். அவர்களுடைய கடிதங்களின் தலைப்பில் இவ்வெண்களைத்தான் காண்கிறோம். இன்னொரு வழக்கம் தமிழருக்கு எளிதில் விளங்கும். நாம் நீ என்றும் நீங்கள் என்றும் ஆளறிந்து பேசுகிறோம் அல்லவா? பழைய ஆங்கிலத்திலும் அவ்வேறுபாடு இருந்தது. குவேக்கர்கள் அரசரையும் வேலைக்காரரையும் ஒரே ‘நீ’ என்றார்கள். மரியாதைப் பன்மை மனிதருக்குள் உயர்வு தாழ்வு கற்பிக்கிறது என்பது அவர்கள் கொள்கை. இதற்காக ஆதிகாலத்தில் அடியும் சிறையும் பெற்றவர்கள் உண்டு.

ஆயினும் ஏர்லாம் வீட்டில் இக்கட்டுப்பாடுகள் தளர்ந்தே இருந்தன. பாட்டும் நடனமும் உண்டு. தங்கை லூயிஸா சிறுமியாக இருந்தபோது எழுதிய நாட்குறிப்பில், வழிபாட்டுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பது எத்துணை அலுப்பு என்பதைத் திரும்பத் திரும்பக் குறித்துவைத்திருக்கிறாள்! 1798-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் அமெரிக்கக் குவேக்கரான வில்லியம் சேவரி அக்கூடத்துக்கு வந்தார். சகோதரிகள் எழுவரும் வரிசையாக அமர்ந்திருந்தனர். எலிசபெத் அன்று சிவப்புக் கயிறு கட்டிய ஊதாநிறக் காலணிகளை அணிந்து, அவற்றின் அழகில் மனம் வைத்திருந்தாளாம். சேவரியின் பேச்சைக் கேட்கக் கேட்கக் கண்ணீர் பெருகியது. அந்நாளை நினைவுகூர்ந்து எழுதியவள் அவளல்லள். பக்கத்தில் அமர்ந்திருந்த தங்கை ரிச்செண்டா. காலணியின் நிறத்தை நினைவில் வைத்திருக்கத் தங்கை வேண்டும், சரித்திராசிரியர் போதார். அதன்பின் எலிசபெத் பாட்டையும் நடனத்தையும் விட்டு எளிய உடைக்கு மாறினாள். எங்கள் பெட்ஸி எங்களைவிட்டுப் போய்விட்டாள் என்று உடன்பிறந்தாருக்கு ஏற்பட்ட வருத்தமும் அக்குடும்ப ஏடுகளில் பதிந்திருக்கிறது.

1800-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-இல் லண்டன் தேயிலை வணிகரான ஜோசஃப் ஃப்ரையை மணந்தார். அதுபற்றி ஏர்லாமில் வழங்கிய கதை சுவையானது. ஜோசஃப் ஒரு தங்கக் கடிகாரத்தைத் தோட்டத்து இருக்கையில் வைத்துவிடுவது, எலிசபெத் அதை எடுத்துக்கொண்டால் சம்மதம் என்று பொருள். உடன்பிறந்தார் புதர்களுக்குள் ஒளிந்திருந்து பார்த்தார்கள். அவள் வந்தாள், கடிகாரத்தைக் கண்டாள், வீட்டுக்குள் ஓடிவிட்டாள். பிறகு மறுபடியும் வந்து எடுத்துக்கொண்டாள்!

லண்டனில் மில்ட்ரெட்ஸ் கோர்ட் என்ற இடத்தில் வணிகமும் வீடும் ஒன்றாக இருந்தன. குவேக்கர்களின் ஆண்டுக் கூட்டம் வந்தால் வீடு சத்திரமாகும். 1809-இல் நகருக்கு வெளியே பிளாஷெட் என்ற இல்லத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆண்டுக்கொரு முறை, இரண்டாண்டுக்கொரு முறை பிரசவம். 1811-இல் சங்கம் அவரைப் பேச்சாளராக ஏற்றுக்கொண்டது. தம் வாழ்நாள் வீணே கழிகிறதோ என்ற ஏக்கம் அக்காலத்து நாட்குறிப்பில் தலைகாட்டுகிறது.

1813-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஸ்டீபன் கிரெல்லெட் என்ற அன்பர் நியூகேட் சிறையின் பெண்கள் பகுதியைப் பார்த்து மனம் கலங்கி வந்து அவரிடம் சொன்னார். எலிசபெத் அம்மையார் உடனே ஃபிளானல் துணியில் குழந்தைகளுக்கு உடைகள் தைப்பித்து, உறவினரான ஆனா பக்ஸ்டனை அழைத்துக்கொண்டு சென்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு, பிள்ளைகள் எண்மர், கடைசிக் குழந்தைக்கு ஒரு வயதும் ஆகவில்லை. அச்சிறையில் சுமார் முந்நூறு பெண்களும் அவர்களுடைய குழந்தைகளும் இரண்டு கூடங்களிலும் இரண்டு அறைகளிலும் அடைபட்டுக் கிடந்தனர். விசாரணைக் கைதியும் தூக்குக்குக் காத்திருப்பவளும் ஒன்றாகவே இருந்தனர். அங்கேயே சமையல், அங்கேயே உறக்கம்.

இந்தப் பயங்கரத்தை அவர் தம் சொந்தப் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் எவ்வாறு சொல்கிறார் என்று பாருங்கள். சட்டம் பற்றிய பேச்சே அதில் இல்லை. அங்கே பச்சைக் குழந்தைகளுக்கு உடுக்க உடையில்லை என்பதும், நாளொன்றுக்கு அவர்களுக்குக் கிடைக்கும் ரொட்டித் துண்டு எவ்வளவு சிறியது என்பதும், நீங்கள் கண்டால் வருந்துவீர்கள் என்பதுந்தான் செய்தி. பிற்காலத்தில் பாராளுமன்றத்தில் பேசிய அம்மையாரைவிட இக்கடிதத்து அம்மையாரையே நான் நெருக்கமாக உணர்கிறேன்.

சரித்திர நூல்கள் 1813-ஐச் சொல்லிவிட்டு ஒரே தாவலாக 1817-க்குப் போய்விடும். இடையில் ஏறக்குறைய நான்காண்டுகள் அவர் நியூகேட் பணியைத் தொடங்கவில்லை. ஏன்? விடை குடும்ப ஏடுகளில் இருக்கிறது. 1814-இல் ஒரு பெண் குழந்தை, 1816-இல் ஓர் ஆண் குழந்தை. தம்பி ஜான் 1814-இல் இறந்தார். எல்லாவற்றிலும் கொடியதாக, தம் பெயரையே வைத்திருந்த சின்னஞ்சிறு மகள் எலிசபெத் ஐந்து வயதளவில் நோயுற்று மாண்டாள். நாட்குறிப்பில் அந்த ரணம் நெடுநாள் ஆறவில்லை. உடல்நலமும் குன்றியது, பணமும் இறுகியது. 1816-இல் மூத்த பிள்ளைகளைப் பள்ளிக்கும் தாய்மாமன்மார் வீடுகளுக்கும் பிரித்து அனுப்ப வேண்டியதாயிற்று. அதனாலேதான் கடிதங்கள் பெருகின. அதனாலேதான் அவருக்கு ஓய்வும் கிடைத்தது. பள்ளிக்குப் போன மகனுக்கு நடத்தை விதிகளை எழுதியனுப்பிய அதே காலத்தில், சிறையிலிருந்த பிள்ளைகளுக்குப் பள்ளி வைப்பதைப் பற்றி அவர் எண்ணலானார். ஒரு பெண்ணின் பொதுத்தொண்டுக்குப் பின்னால் எத்தனை மாமன் வீடுகள் நின்றன என்பதை எவரும் கணக்கிடுவதில்லை.

மீண்டும் நியூகேட்டுக்குச் சென்றபோது, கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போகும்படி சிறை அதிகாரி எச்சரித்தார். அவர் கழற்றவில்லை. உள்ளே சென்று அப்பெண்களிடம், உங்கள் பிள்ளைகளுக்காக ஏதாவது செய்யலாமா என்று கேட்டார். தாய் தாயிடம் கேட்ட கேள்வியாகையால் விடை உடனே கிடைத்தது. கடிகாரம் திருடிய குற்றத்துக்காக உள்ளே வந்திருந்த மேரி கானர் என்ற பெண்ணையே கைதிகள் ஆசிரியையாகத் தேர்ந்தெடுத்தார்கள்! 1817 ஏப்ரலில் பன்னிரண்டு பெண்மணிகள் கொண்ட சங்கம் அமைந்தது. தையலும் பின்னலும் கற்பிக்கப்பட்டன. விதிகள் ஒவ்வொன்றாகப் படிக்கப்பட்டு, கைதிகள் கைதூக்கி ஒப்புக்கொண்ட பிறகே நடைமுறைக்கு வந்தன. 1818 பிப்ரவரியில் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். ஒரு பெண் அவ்வாறு அழைக்கப்படுவது அக்காலத்தில் மிக அரிது. பெண் கைதிகளைப் பெண் காவலரே கண்காணிக்க வேண்டும் என்ற விதி 1823-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. நாடு கடத்தப்பட்ட பெண்களுக்குக் கப்பலில் ஊசி, நூல், துணித்துண்டுகள் கொண்ட பை கொடுக்கும் வழக்கமும் இச்சங்கத்தாருடையதே. 1841-இல் ராஜா என்ற கப்பலில் சென்ற பெண்கள் அத்துண்டுகளால் தைத்த போர்வை இன்று ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவின் கலைக்கூடத்தில் இருக்கிறது.

புகழ் வளர்ந்த அளவுக்கு வீட்டில் வம்பும் வளர்ந்தது. ஊரார் பிள்ளையைப் பார்க்கிறவள் தன் பிள்ளைகளைப் பார்க்கிறாளா என்ற பேச்சு அவர் காதுக்கு எட்டாமலில்லை. அது குத்தியது என்று அவரே குறித்திருக்கிறார். 1821-இல் மகள் ரேச்சல் சங்கத்துக்கு வெளியே மணம் செய்துகொண்டாள். சங்க விதிப்படி பெற்றோர் அத்திருமணத்தில் கலந்துகொள்ளக்கூடாது. மகளின் மணநாளில் தாய் இல்லை. ஆனால் மறு ஆண்டே, 1822 நவம்பரில், எலிசபெத் அம்மையாரின் கடைசி மகனும் ரேச்சலின் முதற் குழந்தையும் ஒரே நாளில் பிறந்தார்கள்! நம் பாட்டிமார் காலத்துக் கதைபோல் இருக்கிறதல்லவா?

1828 நவம்பரில் ஜோசஃபின் வங்கி முறிந்தது. குவேக்கர்களுக்குக் கடன் தீர்க்காமை பெரும் பிழை. சங்கம் ஜோசஃபை விலக்கிவிட்டது. வங்கிப் பணம் அம்மையாரின் தருமத்துக்குப் போயிற்றென்ற அவதூறும் எழுந்தது. பிளாஷெட்டை விட்டு, அப்டன் லேனில் ஒரு சிறிய வீட்டுக்கு வந்தார்கள். அம்மையாரின் சகோதரர்களே கைகொடுத்தனர். கணவரை விலக்கிய அதே சங்கத்தின் கூட்டத்தில் மனைவி எழுந்து பேசவேண்டிய நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் கூட்டத்துக்குப் போகாமல் இருக்கவுமில்லை, கணவரை விட்டுக்கொடுக்கவுமில்லை.

வங்கி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1818-இல் ஹாரியட் ஸ்கெல்டன் என்ற பெண் கள்ள நோட்டு மாற்றிய குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டாள். அவளைக் காப்பாற்ற அம்மையார் அமைச்சர் வரை சென்று மன்றாடி, அவருடைய கோபத்துக்கு ஆளானதுதான் மிச்சம். 2002-ஆம் ஆண்டில் இங்கிலாந்து வங்கி வெளியிட்ட ஐந்து பவுன் நோட்டில் இந்த அம்மையாரின் உருவமே அச்சிடப்பட்டது; 2017 வரை அது செலாவணியில் இருந்தது.

1842-இல் பிரஷ்ய நாட்டு மன்னர் நியூகேட்டுக்கு வந்து அவருடன் சென்று பார்த்தார். பிறகு அப்டன் லேன் வீட்டிலேயே விருந்துண்டார். அன்று மன்னருக்கு அறிமுகப்படுத்தப்பட்ட குடும்பத்தாரில் பேரப்பிள்ளைகள் மட்டும் இருபத்தைந்து பேர்! சிறைச்சீர்திருத்தம் பற்றி என்ன பேசினார்கள் என்பதைவிட அந்த எண்ணிக்கையைச் சொல்வதில் பாட்டிக்குப் பெருமிதம் மிகுதி. இரண்டாண்டில் அம்மகிழ்ச்சி குலைந்தது. 1844-இல் மகன் வில்லியமும் அவருடைய இரண்டு பெண்களும் செங்காய்ச்சலில் மாண்டார்கள். 1845 அக்டோபர் 12-ஆம் நாள் ராம்ஸ்கேட் கடற்கரை ஊரில் அம்மையாரும் காலமானார்.

கடிதங்களைத் தொகுத்த மகளிர் இருவரில் ஒருவர் மூத்தவரான காதரின். மற்றவர், தாய் வராத மணமேடையில் நின்ற அதே ரேச்சல். அவர்கள் எல்லாவற்றையும் அச்சிட்டுவிடவில்லை. தாயின் மனச்சோர்வு, ஐயங்கள், வீட்டுப் பிணக்குகள் பலவற்றை விலக்கிவிட்டார்கள். மூலக் குறிப்பேடுகளைப் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் புரட்டிப் பார்த்தபோதுதான் முழு உருவம் புலப்பட்டது. 1980-இல் ஜூன் ரோஸ் என்பவர் எழுதிய வரலாறு அவற்றில் குறிப்பிடத்தக்கது. மறைத்தார்களே என்று அப்பெண்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. நம் வீட்டுக் கம்பியிலிருந்தும் எத்தனை கடிதங்களை நாமே உருவிக் கிழித்திருக்கிறோம்! அன்றியும், அந்நூல் அச்சாகி வந்தபோது தந்தை ஜோசஃப் உயிரோடிருந்தார். அவர் 1861 வரை வாழ்ந்தார்.