ஆக்சிஜன் வழியே ஒரு காந்த ஒழுங்கு

இரும்புக் காந்தத்துக்குள் கோடானுகோடி அணுக்கள் ஒரே திசை பார்த்து நிற்கின்றன. ஏன் என்று கேட்டால், ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம், ஒன்றையொன்று இழுத்துத் திருப்பிக்கொள்கின்றன என்று பதில் வரும். கணக்குப் போட்டால் அது நிற்காது. அண்டை அணுக்களுக்கிடையே உள்ள காந்த இழுப்பு மிக மெலிது; தனிச்சுழி வெப்பநிலைக்கு ஓரிரு டிகிரி மேலே போனாலே வெப்பத்தின் நடுக்கம் அந்த ஒழுங்கைக் கலைத்துவிடும். இரும்போ 770 டிகிரி செல்சியஸ் வரை காந்தமாகவே இருக்கிறது.

ஆக, அணுக்களைத் திசை பிடித்து நிறுத்துவது காந்த விசையே அல்ல. 1928இல் இயற்பியலாளர் ஹைசன்பர்க் காட்டியது இதைத்தான். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்விசையும், ஒரே தற்சுழற்சி (எலக்ட்ரானைக் குட்டிக் காந்தமாக்கும் பண்பு) கொண்ட இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே ஆர்பிட்டாலில் (அணுவில் எலக்ட்ரானுக்கான இடத்தில்) இருக்க முடியாது என்ற பௌலியின் விதியும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. வேதிப்பிணைப்பை உண்டாக்குவதும் இவைதான்.

இதைத் தெளிவாகப் பார்க்க இரும்பைவிட மாங்கனீசு ஆக்சைடு நல்லது. சாப்பாட்டு உப்பின் படிக அமைப்பே இதற்கும்: மாங்கனீசும் ஆக்சிஜனும் நேர்கோட்டில் மாறி மாறி வரும். 1949இல் கிளிஃபர்ட் ஷல், சாமுவேல் ஸ்மார்ட் இருவரும் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு உலையிலிருந்து வந்த நியூட்ரான்களை இதன் தூளுக்குள் செலுத்தினார்கள். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. ஆனால் அதுவும் ஒரு சிறு காந்தம். ஆகவே அணு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் அது உணரும். அறை வெப்பநிலையில், சிதறி வந்த நியூட்ரான்களின் வரைபடத்தில் வழக்கமான முகடுகளே பதிவாயின. மைனஸ் 193 டிகிரிக்குக் குளிர்வித்ததும், அதுவரை இல்லாத முகடுகள் எழுந்தன. அணுக்கள் ஏறத்தாழ அதே இடத்தில்தான் இருந்தன. ஆனால் ஒரே அமைப்பு திரும்ப வரும் தூரம் இரட்டித்திருந்தது. அந்தக் கோட்டில் ஒரு மாங்கனீசு மேல் நோக்கினால், அடுத்தது கீழ் நோக்கி நின்றது. லூயி நெயேல் 1930களில் ஊகித்த ஒழுங்கு இது. இரு திசைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், காந்த ஊசியை அருகில் வைப்பவருக்கு எதுவும் தெரியாது.

வியப்பு இனிமேல்தான். எதிரெதிராக நிற்கும் அந்த இரு மாங்கனீசுகளும் தொட்டுக்கொள்ளவில்லை. நடுவே ஓர் ஆக்சிஜன் அயனி இருக்கிறது. அதற்குச் சொந்தமாகக் காந்தத்தன்மையே கிடையாது. செய்தி எப்படிக் கடக்கிறது? 1934இல் கிராமர்ஸ் இதற்கு வழி கண்டார், 1950இல் ஆண்டர்சன் அதை வளர்த்தார். ஆக்சிஜனின் ஒரே ஆர்பிட்டாலில் எதிரெதிர் தற்சுழற்சியுள்ள இரண்டு எலக்ட்ரான்கள் உள்ளன. பிணைப்பின்போது ஒன்று இடப்பக்க மாங்கனீசை நோக்கிச் சற்றே சாய்கிறது. அங்கே ஐந்து ஆர்பிட்டால்களிலும் ஒவ்வோர் எலக்ட்ரான், ஐந்தும் ஒரே திசையில். உள்ளே வருவது எதிர்த்திசை எலக்ட்ரானாக இருந்தால்தான் இடம். அப்படியானால் வலப்பக்கம் சாய்வதற்கு மிஞ்சியிருப்பது அதன் எதிர்ச்சுழற்சி இணை. அதற்கு இடம் கிடைக்க, வலப்பக்க மாங்கனீசு இடப்பக்கத்துக்கு நேரெதிராக நிற்க வேண்டும். நான் படித்த இயற்பியலில் இவ்வளவு அழகான தர்க்கம் வெகு குறைவு.

கோட்டை வளைத்தால் கதை மாறும். பிணைப்புக் கோணம் 180 டிகிரி அல்லாமல் 90 டிகிரியாக இருந்தால், இரு உலோக அணுக்களும் நடுவில் உள்ள அணுவின் வெவ்வேறு ஆர்பிட்டால்களைத் தொடுகின்றன. அப்போது பெரும்பாலும் ஒரே திசை ஒழுங்கே வெல்லும். 1950களில் இந்த விதிகளை வகுத்தவர்கள் ஜான் குடினஃப், ஜுன்ஜிரோ கனமோரி. (லித்தியம் பேட்டரிக்காக 97 வயதில் நோபல் பெற்ற அதே குடினஃப்தான். கணினி நினைவகத்துக்கான ஆக்சைடுகளை ஆராய்ந்த காலத்தில் அவர் இதில் இறங்கினார்.)

இந்த 90 டிகிரி விதிக்கு ஓர் எடுத்துக்காட்டு குரோமியம் அயோடைடு: அதில் குரோமியம், அயோடின், குரோமியம் சேரும் கோணம் ஏறக்குறைய 90 டிகிரி. அதன் ஒற்றை அடுக்கைத் தனியே உரித்தெடுத்து 2017இல் சோதித்தார்கள். அந்த ஓரடுக்கும் சுமார் மைனஸ் 228 டிகிரிக்குக் கீழே காந்தமாகவே இருந்தது.