அத்திக்கலம்

தாம்பரம் முதலிய தென்சென்னைப் புறநகர்களில், தகனத்தின் பின் அத்தியை மட்கலத்தில் ஏந்திக் கடலிற் கரைப்பார் பலர். மரப்பேழையும் இந்நாளிற் கிடைக்கின்றது. எக்கலம் தக்கது என்பார்க்கு அண்மையிலுள்ள திருமயிலையின் வரலாறு துணையாம்.

அரவு தீண்டி இறந்த பூம்பாவையின் என்பையும் சாம்பரையும் தந்தையார் சிவநேசர் குடத்திலிட்டுக் கன்னிமாடத்திற் காத்தார் என, 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் அருளிய பெரியபுராணம் கூறும். ஆளுடைய பிள்ளையார் பதிகம் பாட, குடம் உடைந்து அவள் வெளிப்பட்டாள். ஈண்டுப் போற்றப்பட்டவை தந்தையின் அன்பும் இறைவன் அருளுமே. குடம் எதனாலாயது என்பதன்று.

ஆகலின் மரமும் விலக்கன்று. அத்தியை நன்கு ஆற்றி உலர்த்தியே அதனுள் இடுக. வெம்மை மரத்தைக் கருக்கும், ஈரம் மட்கச் செய்யும். மரம் மிதக்குமாதலின், கரைக்குங்கால் அத்தியை நீரிற் சொரிந்து பேழையை மீட்க.

உடம்பு மாயையின் காரியம். உயிர் அத்தியில் தங்குவதன்று. கலத்தைப் பேணுதல் கடமை. அதனுள் உயிரைத் தேடுதல் மயக்கம்.