மலிவு எந்த ஊரில் இருக்கிறது?

நான் ரயில்வேயில் டிப்ளமோ எஞ்சினியராகச் சேர்ந்து, பாதையும் பாலமும் பார்த்து, ஓய்வு பெற்றுக் கிழக்கேகோட்டையில் குடியிருப்பவன். எழுத்தாளன் அல்லன். ஆயினும் நம் அன்பர்கள் கூடும் இடங்களில் அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "பென்ஷனை வைத்துக்கொண்டு, செலவு குறைந்த வெளிநாடு ஒன்றில் போய் இருந்துவிட்டால் என்ன?" இதே கேள்வி என் வீட்டிலும் எழுந்தது. அப்போது நான் போட்ட கணக்கு மற்றவர்களுக்கும் உதவலாம் என்று எழுதுகிறேன்.

என் மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. பெற்றோரை நீண்ட நாள் அனுமதியில் அங்கே வைத்துக்கொள்ள, மாதச் சம்பளம் குறைந்தது 12,000 சிங்கப்பூர் வெள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. அவன் சம்பளம் அதைத் தொடவில்லை. "அப்பா, பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் ஜோகூர் பாரு. எல்லாம் பாதி விலைதான். கோட்டை வீட்டை வித்துட்டு நீங்களும் அம்மாவும் அங்கே வந்துடுங்க. வாராவாரம் வந்து பார்த்துக்கிறேன்" என்றான். என் மனைவி அன்றைக்கே பாதி மூட்டை கட்டிவிட்டாள். போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று 2024 ஜூன் மாதம் மூன்று வாரம் போய் வந்தோம்.

அங்கே என் தொழிலுக்கு ஏற்றதாக முதலில் கண்ணில் பட்டது ரயில் கட்டணம். ஜோகூர் பாருவிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வரை ஐந்து நிமிடப் பயணம். போக 5 ரிங்கிட், திரும்பி வர 5 சிங்கப்பூர் வெள்ளி. எண் ஒன்றுதான், ஆனால் அப்போது ஒரு வெள்ளிக்கு ஏறக்குறைய மூன்றரை ரிங்கிட். அதே வண்டி, அதே பாதை, திரும்பும்போது மூன்றரை மடங்குக் கட்டணம்! 1973 வரை இந்த இரண்டு நாணயங்களும் ஒன்றுக்கு ஒன்று செல்லுபடியாயின என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

சிங்கப்பூர் சிறிய தீவு. நிலம் அருமை, வாடகை அதிகம். எதிரே விரிந்து கிடக்கும் ஜோகூரில் நிலத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே வெள்ளியில் சம்பாதித்து ரிங்கிட்டில் செலவழிப்பவருக்கு ஆதாயம். 1924இல் திறக்கப்பட்ட, சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கடற்பாலத்தை நாள்தோறும் மூன்று லட்சம் பேருக்கு மேல் கடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதற்கென்றே 4 கிலோமீட்டர் நீளத்தில், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேரை ஏற்றிச் செல்லும் புதிய ரயில் பாதையை 2026 டிசம்பரை இலக்காக வைத்துத் திட்டமிட்டார்கள்.

இது நமக்குப் புதிதல்ல. 1979இல் திருவனந்தபுரம் - கன்னியாகுமரி பாதை திறந்த பிறகு, நாகர்கோவிலிலும் குழித்துறையிலும் குடியிருந்துகொண்டு காலை வண்டியில் இங்கே வேலைக்கு வருகிற எத்தனை பேரை நாம் அறிவோம்! சம்பளம் இங்கே, அரிசி பருப்பு அங்கே. கணக்கு ஒன்றுதான்.

ஆனால் இந்தக் கணக்கில் எழுதாத செலவு ஒன்று உண்டு. என் மனைவியின் சித்தப்பா குடும்பம் மலாயாவில் வேரூன்றியது. அந்த வழியில் மைத்துனர் மகன் ஒருவர் ஜோகூரில் குடியிருந்து, மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் போய் வேலை பார்க்கிறார். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஒன்பது. சோறு போட்டபடியே அவர் மனைவி சொன்னார்: "வாடகை மிச்சம்தான் மாமா. ஆனா புள்ளைக்கு அப்பா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்."

சரி, எங்களுக்கு வேலைக்குப் போகும் தொல்லை இல்லையே என்று பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். நான் விசாரித்த இரண்டு அறை வீட்டுக்கு மாத வாடகை 1,500 ரிங்கிட். மகனுக்கு அது நானூற்றுச் சொச்சம் வெள்ளி, மலிவு. எனக்கோ அது 26,000 ரூபாய்க்கு மேல், பென்ஷனில் பாதிக்கு மேல். கிழக்கேகோட்டையில் எனக்கு வாடகையே இல்லை. சாலைக் கடைத்தெரு நடக்கிற தூரம். மகன் பொய் சொல்லவில்லை. அவன் வெள்ளியில் கணக்குப் போட்டான். நான் ரூபாயில் வாழ்கிறவன். ஜோகூர் சிங்கப்பூரைவிட மலிவே தவிர, திருவனந்தபுரத்தைவிட மலிவு அல்ல.

அடுத்தது அனுமதி. விசா இல்லாமல் நாங்கள் தங்கக்கூடியது 30 நாள். வெளிநாட்டார் நீண்ட காலம் தங்க மலேசியா 2002 முதல் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. 2021இல் மாதம் 40,000 ரிங்கிட் வெளிநாட்டு வருமானம் வேண்டும் என்று அதை இறுக்கினார்கள். 2024இல் மீண்டும் மாற்றி மூன்று படிகள் வைத்தார்கள். அதில் வெள்ளிப் படி என்ற கீழ்ப்படிக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத் தொகை, அதாவது ஒன்றேகால் கோடி ரூபாய். அதோடு 6 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாமல் வீடும் வாங்க வேண்டும். அது இன்னொரு கோடி. மூன்றே ஆண்டில் இருமுறை மாறிய விதியை நம்பி, இருக்கிற ஒரே வீட்டை எப்படி விற்பது?

இங்கே இழப்பதையும் எழுதிப் பார்த்தேன். பேட்டை ரயில்வே ஆஸ்பத்திரியில் எனக்கும் மனைவிக்கும் கிடைக்கும் சிகிச்சை, கடல் கடந்தால் கிடைக்காது. அறுபதைத் தாண்டியவருக்கு அங்கே இன்சூரன்ஸ் எடுக்கப் பணம் தனி. வெளிநாட்டில் குடியேறியவர் என்று ஆகிவிட்டால் வங்கிக் கணக்கின் வகையை மாற்ற வேண்டும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் புதிதாகப் பணம் போட முடியாது.

ஆக, கூட்டிக் கழித்தால் போகாமலிருப்பதே சரி என்று வந்தது. வீட்டை விற்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை போய் மூன்று வாரம் இருந்து வருவதென்று முடிவு. மகனுக்கு வருத்தம்தான். பக்கத்தில் இருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்ற என் மனைவியின் ஆசையை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. செலவுக்காகப் போக வேண்டாம். பிள்ளைக்காகப் போவதென்றால் அது வேறு. அதற்குச் செலவு கூடும் என்று தெரிந்தே போகலாம்.

போக எண்ணும் அன்பர்களுக்கு நான் சொல்வது நான்கு. மலிவு என்று சொல்பவர் எந்த நாணயத்தில் சம்பாதிக்கிறார் என்று கேளுங்கள். எத்தனை நாள் தங்க விடுவார்கள், அந்த விதி எத்தனை முறை மாறியது என்று பாருங்கள். உடம்புக்கு வந்தால் யார் செலவு என்று எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் சரியென்று தோன்றினாலும் ஓர் ஆண்டு வாடகை வீட்டில் இருந்து பார்க்கும் வரை, இங்குள்ள வீட்டை விற்காதீர்கள்.