வாவிக்கரை உயிர்கள் – 17: சாதுவான பாம்பு ஒன்று வேணும் சேர்!

யூடியூப் பார்க்கிற பிள்ளைகள் இப்போது நாய்க்குட்டி கேட்பதில்லை. தோளில் பாம்பைப் போட்டுக்கொண்டு சிரிக்கிற வெளிநாட்டுப் பையனைப் பார்த்துவிட்டு, "முதன்முதலா வளர்க்கிறவனுக்கு எந்தப் பாம்பு தோது, சேர்?" என்கிறார்கள். அதட்டி அனுப்ப எனக்கு மனமில்லை. பாம்பு என்றதும் பொல்லைத் தேடுகிற ஊரில், அதை வளர்க்க ஆசைப்படுகிறவன் பாதி வழி வந்துவிட்டான். மீதி வழியைத்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

மேலைநாடுகளில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் இரண்டு விடைகள் சொல்வார்கள். ஒன்று அமெரிக்காவின் தென்கிழக்கிலுள்ள சோளப் பாம்பு. மற்றது மேற்கு ஆபிரிக்காவின் பந்து மலைப்பாம்பு. இரண்டுக்கும் நஞ்சில்லை, ஐந்தடியைத் தாண்டுவதும் அரிது. ஆனால் குணத்தைவிட அவை பிறந்த இடம்தான் முக்கியம். நல்ல வளர்ப்பாளரிடம் வாங்கும் பாம்பு கூண்டிலேயே முட்டையிலிருந்து வெளிவந்தது. உறையவைத்து இளக்கிய செத்த எலியைத் தின்னப் பழகியது. இன்னொன்றையும் விளம்பரத்தில் சொல்லமாட்டார்கள். பந்து மலைப்பாம்பு தலையை நடுவில் ஒளித்து உருண்டையாகச் சுருள்வது பயத்தால். நாம்தான் அதைச் 'சாது' என்று எழுதிக்கொள்கிறோம். போதாக்குறைக்கு அது இருபது, முப்பது வருடம் உயிரோடிருக்கும். பத்தாம் வகுப்பில் வாங்கியவன் தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும் எலி தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, நம்மூருக்கு வருவோம். சாதுத்தனத்துக்குப் போட்டி வைத்தால் முதற்பரிசு இலங்கையின் களப்புகளிலும் கழிமுகங்களிலும் வாழும் ஒரு பாம்புக்குத்தான். விஞ்ஞானிகள் அதற்கு வைத்த பெயர் அக்ரோகோர்டஸ் கிரானுலேட்டஸ். பெரும்பாலும் ஒரு மீற்றருக்குள்தான் இருக்கும், நஞ்சில்லை. அண்ணனின் சேர்ட்டைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி, உடம்புக்குப் பொருந்தாத தொளதொளத்த தோல். அதன் மேலே மணிமணியான சொரசொரச் செதில்கள். வழுக்குகிற மீனை நழுவவிடாமல் சுற்றிப் பிடிக்க அந்தச் சொரசொரப்புத்தான் உதவுகிறது. மூக்குத் துளையை மூடிக்கொண்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் நீருக்கடியில் கிடக்கும். உடலில் சேரும் உப்பை வெளியேற்ற நாக்கின் கீழே தனிச் சுரப்பி உண்டு. முட்டை இடாது, குட்டி போடும். தரையில் எடுத்துவிட்டால் ஊரக்கூட முடியாமல் தவிக்கும். கடிப்பதோ மிக அரிது.

அப்படியானால் இதையே வளர்க்கலாமே என்று கேட்பாய். அங்கேதான் தம்பி விஷயம் இருக்கிறது. தொட்டியில் போட்டால் தோல் புண்ணாகும், பூஞ்சணம் பிடிக்கும், இரையை ஒதுக்கும், கடைசியில் செத்துப்போகும். இதை உயிரோடு வைத்திருப்பது அனுபவசாலிகளுக்கே பெரும்பாடு. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு, முகத்துவாரத்தில் உப்பும் தெற்கே நன்னீருமாகக் கிடக்கிற மட்டக்களப்பு வாவியைக் கண்ணாடித் தொட்டிக்குள் கொண்டுவர யாரால் முடியும்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. இருட்டில் வலையிலிருந்து கழற்றும்போது இதற்கும் கடற்பாம்புக்கும் வித்தியாசம் தெரியாது. வலைக்கடியன் என்கிற கடற்பாம்பு கழிமுகங்களுக்குள்ளும் நுழையும், கொடிய நஞ்சுடையது. அதன் வால் துடுப்பாகத் தட்டையாக இருக்கும். ஆனால் வாலைப் பார்க்கிற அவகாசம் கைக்குக் கிடைக்குமா? இந்தியாவில் செய்து நம் வைத்தியசாலைகளுக்கு வருகிற விஷமுறி மருந்து நாகம், விரியன், கண்ணாடிப்புடையன், சுருட்டை ஆகிய நாலுக்கும் உரியது. கடற்பாம்பு அந்தக் கணக்கில் இல்லை.

மற்றவற்றை ஓட்டமாகப் பார்த்துவிடலாம். கண்டல் சேற்றில் திரியும் நாய்முகத் தண்ணீர்ப்பாம்புக்கு மெல்லிய நஞ்சு உண்டு, பிடித்தால் நாறடிக்கும். வயல் வாய்க்காலில் காண்கிற தண்ணீர்ப்பாம்புக்கு நஞ்சில்லை, ஆனால் தயங்காமல் கடிக்கும். சாரைக்குக் கூண்டென்றால் ஆகவே ஆகாது. நம்மூர் மலைப்பாம்பான வெங்கணாந்தியின் குட்டி அழகுதான்; வளர்ந்தால் பத்தடியைத் தாண்டும். இதையெல்லாம்விட மோசம், குட்டி வெங்கணாந்தி என்று நம்பிக் கண்ணாடிப்புடையனைக் கையிலெடுப்பது. இரண்டுக்கும் பருத்த உடம்பு, இரண்டுக்கும் முதுகில் திட்டுத் திட்டாகப் புள்ளி. வாவிக்கு மேற்கே படுவான்கரை வயலில் வேலை செய்கிற எவரிடமும் புடையனைப் பற்றிக் கேட்டுப்பார். இலங்கையில் வருடத்துக்கு ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது என்று 2016இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு கணக்கிட்டது. இறப்பவர்கள் 400க்கும் மேல்.

நம் பக்கத்தில் பாம்பை உண்மையிலேயே வைத்திருந்தவர்கள் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட வனக்குறவர்கள். அக்கரைப்பற்றுப் பக்கம் அளிக்கம்பையில் அவர்களுடைய குடியிருப்பு இருக்கிறது. மகுடியும் கூடையுமாக ஊர் ஊராகப் போன தொழில் இன்று பெரிதும் ஓய்ந்துவிட்டது. நாகம் ஆடியது மகுடியின் ஓசைக்கல்ல, அசைவுக்கு. கண்முன் அசைகிற பொருளைக் காவல் பார்ப்பது அதன் இயல்பு. அந்த இயல்பைத் தலைமுறையாகப் படித்தவர்கள் செய்ததை வீடியோவில் படித்தவன் செய்யப்போனால் வைத்தியசாலையில்தான் முடியும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1937இல் வந்து 2009இல் கடுமையாகத் திருத்தப்பட்ட வனசீவராசிகள் கட்டளைச் சட்டத்தின்படி, நஞ்சற்ற நம் பாம்புகளை அனுமதியில்லாமல் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். வெளிநாட்டுப் பாம்பைக் களவாகக் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்கள் அக்கரைச் செய்தியைப் பார்க்கட்டும். 2023 ஜனவரியில் பாங்கொக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த பயணப்பெட்டிகளில் 45 பந்து மலைப்பாம்புகளும் 8 சோளப் பாம்புகளும் சிக்கின. அதே வருடம் ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்த பெட்டியில் 47 மலைப்பாம்புகள். பெட்டிக்குள் மூச்சுமுட்டிக் கடல் தாண்டுகிற பாம்புதான் கடையில் 'சாது' என்ற பெயரோடு விற்பனைக்கு வருகிறது.

ஆகவே தம்பி, என் விடை இதுதான்: இங்கே வீட்டில் வளர்க்கப் பாம்பு வேண்டாம். ஆசை உண்மையானதென்றால் வாவிக்கரைப் பாம்புகளை அடையாளம் காணப் பழகு. வலை இழுக்கிற மாமாமாரிடம் கேள், தள்ளி நின்று படமெடு, நாள் போட்டுக் குறித்துவை. வலையில் சொரசொரப் பாம்பு சிக்கினால் அடித்துப்போடாமல் தண்ணீரிலேயே விடச் சொல். வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் வனசீவராசிகள் திணைக்களத்தை 1992இல் அழை. கடித்துவிட்டால் எந்தப் பாம்பென்று தேடி நேரத்தைப் போக்காமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிட்டு நேரே வைத்தியசாலைக்குப் போ.

(தொடரும்)