நெருக்கடிக் காலத்தில் பணம் அனுப்புதல்: வங்கியா, உண்டியலா?



குடும்பத்தாருக்காக நன்மையை நாடிச் செலவிடுவதும் தர்மமே என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். நம் நாமக்கல், சேலம் வட்டாரத்திலும் வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்கோ, அங்கே வாழ்க்கைப்பட்ட மகளுக்கோ பணம் அனுப்பும் இல்லங்கள் உண்டு. அந்நாட்டின் வங்கிகளே தள்ளாடும்போது எவ்வழியில் அனுப்புவது?

அண்டை நாடான இலங்கையில் நடந்ததைப் பாருங்கள். 2022 மார்ச் தொடக்கம் வரை அங்கே வங்கிகள் ஒரு டாலருக்குச் சுமார் 200 இலங்கை ரூபாயே தந்தன. உண்டியல்காரர்கள் அதைவிடக் கூடுதலாகத் தந்தனர். வளைகுடாவில் உழைத்த பலர் உண்டியலை நாடினர். அந்த டாலரை வெளிநாட்டிலேயே ஒருவர் பெற்றுக்கொள்வார். ஊரில் அவருடைய ஆள் ரூபாயைக் கொடுத்துவிடுவார். டாலர் நாட்டுக்குள் நுழைவதேயில்லை.

2020இல் முறையான வழியில் சுமார் 710 கோடி டாலர் வந்தது. 2022இல் அது சுமார் 380 கோடியாகக் குறைந்தது. கடன் சுமை, வரிக்குறைப்பு, சுற்றுலா முடக்கம் ஆகியவையும் நெருக்கடிக்குக் காரணங்களே. எனினும் இந்த வரத்துக் குறைவு அதனை இன்னும் கடுமையாக்கியது. எரிபொருளும் சமையல் எரிவாயுவும் மருந்தும் வாங்க டாலர் இல்லை. ஏப்ரல் 12 அன்று அரசு வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்தியது. கூடுதல் ரூபாய் பெற்ற குடும்பத்தாரும் எரிவாயு வரிசையில்தான் நிற்க நேர்ந்தது. தனக்குக் கிடைத்த இலாபம் பிறருக்குத் தீங்காகிறதா என்று பார்ப்பதும் மார்க்கக் கடமையல்லவா?

அதற்காக, வங்கிக் கணக்கு எப்போதும் பாதுகாப்பானது என்றும் எண்ணிவிடாதீர்கள். லெபனானில் 2019 அக்டோபருக்குப் பின், மக்கள் டாலரில் சேமித்த பணத்தை எடுக்க வங்கிகள் கடும் தடை விதித்தன. கணக்கில் தொகை இருந்தும் அது கைக்கு வரவில்லை.

‘ஹவாலா’ என்ற சொல் ஃபிக்ஹு நூல்களில் இருக்கிறதே என்று சிலர் வாதிடுவர். அங்கே அது கடன் பொறுப்பை மற்றொருவர்மீது மாற்றும் ஒப்பந்தமாகும். ஒரு நாட்டு நாணயத்தை வாங்கிக்கொண்டு, மற்றொரு நாட்டு நாணயத்தைச் சில நாட்கள் கழித்துக் கொடுப்பது நாணய மாற்று. அதிலோ அந்த அமர்விலேயே இருதரப்பும் கைப்பற்றுதல் நிபந்தனை. வங்கிக் கணக்கில் வரவு வைப்பதும் கைப்பற்றுதலாகும் என்று 1990இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது.

இந்தியாவில் உண்டியல் முறை 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்துக்கு மாறானது. பணம் வந்து சேராவிட்டால் வழக்குத் தொடுக்கவும் வழியிருக்காது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை பான் எண்ணைக் காட்டி அனுப்பலாம். நெருங்கிய உறவினரின் பராமரிப்பும் கல்விச் செலவும் அதில் அடங்கும்.

ஆகவே அனுப்புமுன் பெறுபவரிடம் கேளுங்கள்: பணத்தை முழுமையாக எடுக்க முடிகிறதா? எந்த நாணயத்தில் தருகிறார்கள்? வங்கி முடங்கியிருந்தால், அனுமதி பெற்ற பணப்பரிமாற்ற நிறுவனத்தில் ரொக்கமாகப் பெறச் செய்யுங்கள். முழுத் தொகையையும் ஒரே முறையில் அனுப்பாமல், தேவைக்கேற்பப் பிரித்து அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடனை எழுதிக்கொள்ளுமாறு கட்டளையிடும் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் நமக்குக் கற்றுத்தரும் ஒழுங்கு இதுவே.

நம் உழைப்பை ஹலாலாகவும், நம் குடும்பத்தாரைப் பசியின்றியும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.