குழந்தைக்குப் பின்னிய ஸ்வெட்டர் தலையில் நுழையவில்லையா? நூலை வீணாக்காமல் சரிசெய்யும் வழிகள்!

திருத்தணி என்றதும் நினைவுக்கு வருவது முருகனும், 365 படிகளும், கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலும்தான். அந்த ஊரில் குழந்தைக்கு ஸ்வெட்டரா என்று சிரிக்க வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை மலைமேல் வீசும் காற்றில் கைக்குழந்தையோடு நின்றவர்களுக்கு விஷயம் புரியும். டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவுக்கு வருபவர்கள், முதல் மொட்டை போட அதிகாலையிலேயே வந்து இறங்குபவர்கள், அப்படியே திருப்பதிக்கும் ஒரு நடை போய்வருபவர்கள் எனப் பலருடைய பையிலும் குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர் இருக்கும்.

அதிலும் பாட்டியோ அத்தையோ குரோஷா ஊசியால் பின்னிய ஸ்வெட்டர் என்றால் தனி மரியாதை. ஆனால், ஒரு மாதம் ஆசை ஆசையாகப் பின்னியது, போட்டுப் பார்க்கும் நாளில் கழுத்தில் நுழையாது. அல்லது கை முழங்கையோடு நின்றுவிடும். பின்னியவர் முகம் வாடிப்போகும். 'பரவாயில்ல அத்தை, வீட்டுக்குள்ள போட்டுக்கலாம்' என்று மருமகள் சமாளிப்பார். அதன்பிறகு அந்த ஸ்வெட்டர் பீரோவை விட்டு வெளியே வராது.

அப்படி முடங்க வேண்டிய அவசியமே இல்லை. வெட்டித் தைத்த துணி குறைந்தால் குறைந்ததுதான். குரோஷாவிலோ நூலைப் பிரிக்கலாம், மறுபடி பின்னலாம், இருப்பதோடு சேர்க்கவும் செய்யலாம். எங்கே பிரிப்பது, எங்கே சேர்ப்பது என்று தெரிந்தால் போதும்.

அளவு ஏன் தப்பிப் போகிறது?

முதல் காரணம், மாதக் கணக்கை நம்புவது. '6 மாதக் குழந்தைக்கு' என்று டிசைனில் போட்டிருக்கும். ஆனால், ஒரே வயதுள்ள இரண்டு குழந்தைகள் ஒரே அளவில் இருப்பதில்லை. இரண்டரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தைக்கும் மூன்றரைக் கிலோவில் பிறந்த குழந்தைக்கும் மூன்றாவது மாதத்தில் ஒரே சட்டை பொருந்துமா? இணையத்தில் கிடைக்கும் டிசைன்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுக் குழந்தைகளின் அளவை வைத்து எழுதப்பட்டவை என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது காரணம், தலை. பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் பதின்மூன்றரை இன்ச். மார்புச் சுற்றளவு அதைவிடச் சற்றுக் குறைவு. ஒரு வயதை நெருங்கும்போதுதான் இரண்டும் சமமாகும். நாம் மார்பை அளந்து பின்னிவிட்டு, கழுத்தைச் 'சின்னதாக, அழகாக' முடித்துவிடுகிறோம். பிறகு தலை எப்படி நுழையும்?

மூன்றாவது காரணம் பலருக்கும் தெரியாதது: ஒரே பெயருக்கு இரண்டு அர்த்தம். அமெரிக்க முறையில் 'சிங்கிள் குரோஷா' என்பதற்குப் பிரிட்டிஷ் முறையில் பெயர் 'டபுள் குரோஷா'. அமெரிக்க 'டபுள்' பிரிட்டிஷில் 'ட்ரெபிள்'. தென்னிந்தியாவுக்குக் குரோஷா வந்தது 19-ஆம் நூற்றாண்டில், கிறிஸ்தவ மிஷனரிகள் வழியாக. 2024-ல் புவிசார் குறியீடு பெற்ற ஆந்திராவின் நரசாபூர் குரோஷா லேஸுக்கும் அதுதான் தொடக்கம். அதனால் கான்வென்ட் தையல் வகுப்பில் கற்ற பாட்டிகள் பலருக்குப் பிரிட்டிஷ் பெயர்தான் பழக்கம். யூடியூப் பார்த்துக் கற்ற பேத்திகள் பலருக்கோ அமெரிக்கப் பெயர். பேத்தி அனுப்பிய அமெரிக்க டிசைனைப் பாட்டி தன் பழக்கப்படி பின்னினால், ஒவ்வொரு வரிசையின் உயரமும் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்துவிடும். டிசைனில் எங்காவது 'சிங்கிள் குரோஷா' என்ற பெயர் வந்தால் அது அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது.

முதலில் இஞ்ச் டேப்பை எடுங்கள்

குழந்தை தூங்கும்போதோ, பால் குடித்துவிட்டு நல்ல மூடில் இருக்கும்போதோ நான்கு அளவுகளை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

* மார்புச் சுற்றளவு: அக்குளுக்குக் கீழே, டேப்பை இறுக்காமல்.
* தலைச் சுற்றளவு: புருவத்துக்குச் சற்று மேலே, பின்தலையின் மேடான பகுதியைச் சுற்றி.
* கை நீளம்: அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை.
* உடல் நீளம்: கழுத்தின் பின்புறத்திலிருந்து டயப்பரின் மேல்விளிம்பு வரை.

குழந்தை வெளியூரில் இருக்கிறது அல்லது இன்னும் பிறக்கவே இல்லை என்றால், அமெரிக்காவின் கிராஃப்ட் யார்ன் கவுன்சில் தரும் பொது அளவுகளைத் தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

* 3 மாதம்: மார்பு 16 இன்ச், கை 6 இன்ச்
* 6 மாதம்: மார்பு 17 இன்ச், கை ஆறரை இன்ச்
* 12 மாதம்: மார்பு 18 இன்ச், கை ஏழரை இன்ச்
* 18 மாதம்: மார்பு 19 இன்ச், கை 8 இன்ச்
* 24 மாதம்: மார்பு 20 இன்ச், கை எட்டரை இன்ச்

இவை உடலின் அளவுகள், ஸ்வெட்டரின் அளவுகள் அல்ல. உள்ளே ஒரு சட்டை இருக்கும், குழந்தை கை காலை ஆட்டும், மடக்கும். எனவே மார்பு அளவோடு 2 இன்ச் சேர்த்துப் பின்னுங்கள். 18 இன்ச் மார்புக்கு 20 இன்ச் ஸ்வெட்டர்.

பரிசாகக் கொடுப்பதென்றால் குழந்தையின் இன்றைய வயதைப் பார்க்காதீர்கள். குளிர் வரும்போது அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று கணக்குப் போடுங்கள். ஆடி மாதம் பிறந்த குழந்தை மார்கழியில் ஐந்து மாதக் குழந்தை. அதற்குள் பிறந்தபோது இருந்த எடை சுமார் இரண்டு மடங்காகியிருக்கும்.

ஒரு சின்னச் சதுரம், ஒரு மாத உழைப்பைக் காப்பாற்றும்

2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்' குழுவினர், சுபஶ்ரீ நடராஜன் தலைமையில், உலகின் மிகப்பெரிய குரோஷா போர்வைக்கான கின்னஸ் சாதனையைப் படைத்தார்கள். பரப்பளவு 11,148.5 சதுர மீட்டர். பல பெண்கள் தனித்தனியாகப் பின்னிய துண்டுகளை ஒன்றாக இணைத்த போர்வை அது. குரோஷாவில் இப்படி இணைப்பது சுலபமில்லை. ஒருவர் நூலை இறுக்கிப் பிடிப்பார், இன்னொருவர் தளர்த்திப் பிடிப்பார். அதே நூல், அதே ஊசி, அதே எண்ணிக்கை என்றாலும் அளவு மாறிவிடும். இந்தக் கையிறுக்கத்தைத்தான் டிசைன்களில் 'கேஜ்' என்கிறார்கள்.

உங்கள் கேஜைக் கண்டுபிடிக்க, ஸ்வெட்டருக்கான அதே நூலிலும் ஊசியிலும் 6 இன்ச் சதுரம் ஒன்றைப் பின்னுங்கள். அதைத் துவைத்து, காயவைத்து, நடுவில் 4 இன்ச்சுக்குள் எத்தனை கண்ணிகள் வருகின்றன என்று எண்ணுங்கள். துவைக்காமல் எண்ணினால் பயனில்லை. காட்டன் நூல் தண்ணீர் பட்டால் அளவு மாறக்கூடும்.

இப்போது கணக்கு. டிசைனில் 4 இன்ச்சுக்கு 16 கண்ணிகள், உடலுக்கு மொத்தம் 80 கண்ணிகள் என்றால் ஸ்வெட்டர் 20 இன்ச் வரும். உங்கள் கையில் 4 இன்ச்சுக்கு 18 விழுந்தால், அதே 80 கண்ணிக்குச் சுமார் 17.8 இன்ச்தான் கிடைக்கும். அதாவது, குழந்தையின் மார்பைவிடவே சிறியது! மாறாக 14 விழுந்தால் கிட்டத்தட்ட 23 இன்ச்சுக்குப் போய்விடும்.

தீர்வு இரண்டு. இறுக்கமாக வந்தால் அரை மில்லிமீட்டர் பெரிய ஊசிக்கும், தளர்வாக வந்தால் அரை மில்லிமீட்டர் சிறிய ஊசிக்கும் மாறி இன்னொரு சதுரம் பின்னிப் பாருங்கள். அல்லது ஊசியை மாற்றாமல் எண்ணிக்கையை மாற்றுங்கள்: இன்ச்சுக்கு நாலரைக் கண்ணி என்றால், 20 இன்ச்சுக்கு 90.

பின்னி முடித்தாகிவிட்டதா? இடத்துக்கு இடம் தீர்வு

*கழுத்து நுழையவில்லை:* கழுத்துப் பார்டரை மட்டும் பிரியுங்கள். ஒரு சைஸ் பெரிய ஊசியால், வரிசைகளைக் குறைத்து மறுபடி பின்னுங்கள். கழுத்தை இழுத்துப் பிடித்தால் தலைச் சுற்றளவைவிட ஓர் இன்ச் அதிகம் வர வேண்டும். அதற்கும் வராவிட்டால் ஒரு தோள்பட்டையின் இணைப்பைப் பிரித்து, இரண்டு பக்கமும் பட்டி பின்னி, இரண்டு பட்டன் வைத்துவிடுங்கள்.

*மார்பு இறுக்கம்:* முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டர் என்றால் வேலை சுலபம். பட்டன் பட்டியை இரண்டு பக்கமும் இன்னும் சில வரிசைகள் அகலப்படுத்தினாலே ஓர் இன்ச் கிடைத்துவிடும். மூடிய ஸ்வெட்டர் என்றால், பக்கவாட்டுத் தையலைப் பிரித்து, ஒவ்வொரு பக்கமும் ஓர் இன்ச் அகலத்தில் ஒரு பட்டை பின்னிச் சேருங்கள். வேறு நிறத்தில் சேர்த்தால் அதுவே டிசைன் ஆகிவிடும்.

*கை குட்டை:* மணிக்கட்டு விளிம்பில் புதிய நூலைக் கோத்து, வேண்டிய நீளத்துக்கு வட்டமாகப் பின்னிக்கொண்டே போகலாம். கை நீளமாக இருந்தால் பிரிக்க வேண்டாம், மடித்து விடுங்கள். மூன்று மாதத்தில் சரியாகிவிடும்.

*உடல் குட்டை:* கீழ் விளிம்பிலும் இப்படியே வரிசைகளைச் சேர்க்கலாம். ஒன்றை நினைவில் வையுங்கள்: குரோஷா பின்னல் கடைசியாக முடித்த முனையிலிருந்துதான் சரசரவென்று பிரியும். ஆரம்பித்த முனையிலிருந்து பிரியாது. ஆனால், சேர்ப்பதை எந்த முனையிலும் செய்யலாம். கழுத்தில் ஆரம்பித்துக் கீழ்நோக்கிப் பின்னும் முறையைக் குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கும் காரணமும் இதுதான். கையும் உடலும் முடியும் முனை கீழே இருப்பதால், நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் எளிது. நடுநடுவே குழந்தைக்குப் போட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

*ரொம்பப் பெரிசு:* கத்தரிக்கோலை எடுக்காதீர்கள், வெட்டினால் பின்னல் அவிழ்ந்துவிடும். பக்கவாட்டை உள்ளே மடித்துத் தைத்தால் தடிமனான மேடு வந்து குழந்தையை உறுத்தும். கழுத்து மட்டும் தளர்வு என்றால், பார்டரில் ஐந்து கண்ணிக்கு ஒரு கண்ணியைக் குறைத்து ஒரு வரிசை பின்னுங்கள். மற்றபடி, எடுத்து வைத்து அடுத்த குளிருக்குப் போடுவதே நல்லது.

பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். அதை அப்படியே பின்னினால் கேஜ் கெட்டுப்போகும். நாற்காலியின் முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நாலைந்து இடங்களில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் நனைத்துத் தொங்கவிடுங்கள். காய்ந்ததும் நேராகிவிடும். அக்ரிலிக் நூலில் மட்டும் சூடான இஸ்திரிப்பெட்டியை வைக்காதீர்கள், அது உருகித் தொய்ந்துவிடும்.

மொட்டைக்குப் போகிறீர்களா?

திருத்தணிக்கு முதல் மொட்டை போடச் செல்பவர்கள், முன்பக்கம் முழுதும் திறக்கும் ஸ்வெட்டரையே தேர்ந்தெடுங்கள். மொட்டை போட்டுச் சந்தனம் தடவிய தலைவழியாக ஒரு ஸ்வெட்டரை இழுத்து மாட்டினால் சந்தனமும் போகும், புதுத் தோலும் உரசும். குழந்தை ஊரைக் கூட்டிவிடும்.

நம் ஊர்க் குளிர் காலையில் வந்து ஒன்பது மணிக்குள் போய்விடும். அதனால் தடித்த உல்லனைவிட மெல்லிய காட்டன் நூல் போதும். வெயில் ஏறியதும் கழற்றிவிடுங்கள். குழந்தைக்கு வியர்க்கிறதா என்பதைக் கை காலைத் தொட்டுப் பார்க்காமல், பின்கழுத்தையும் மார்பையும் தொட்டுப் பாருங்கள். கை கால் எப்போதும் சற்றுச் சில்லென்றுதான் இருக்கும். வீட்டுக்குள் ஸ்வெட்டரும் குல்லாவுமாகத் தூங்கவைக்காதீர்கள். கைக்குழந்தைகளுக்கு உடல் அதிகமாகச் சூடாவது ஆபத்து.

சரிசெய்யும்போது இந்த மூன்றையும் கவனியுங்கள். கழுத்தில் இழுத்துக் கட்டும் கயிறு வேண்டவே வேண்டாம், குழந்தையின் கழுத்தை இறுக்கிவிடலாம். பட்டன்களை இழுத்துப் பாருங்கள், ஆடினால் மறுபடி தையுங்கள். கழன்று வாய்க்குள் போனால் மூச்சை அடைக்கும். உள்பக்கம் நூல் முனைகள் எதுவும் தொங்கக் கூடாது. பிஞ்சு விரலில் நூல் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுவிடலாம்.

வேலை முடிந்ததும் மீந்த நூல் உருண்டையைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு துண்டுச் சீட்டில் ஊசியின் சைஸையும் உங்கள் கேஜையும் எழுதி, அந்த நூலோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கை குட்டையாகும்போது, அதே நிறத்தில் நான்கு வரிசை சேர்க்க அது போதும். அடுத்த மார்கழிக்கும் அதே ஸ்வெட்டரைப் போடலாம்!