செங்கல்லைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள்!



லயத்தில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, பால் வாளி தூக்கியே தோள் காய்த்தவர்கள் நம்மவர்கள். தோட்டம் துண்டாடப்பட்டாலும் சரி, வேலைக்கு வயது முடிந்தாலும் சரி, முதலில் காலி பண்ணச் சொல்வது வீட்டைத்தான். ஆகவே சேமநிதிப் பணத்தை எடுத்து, சீட்டுப் பணத்தைச் சேர்த்து, மனைவியின் சங்கிலியையும் அடகு வைத்து ஒரு வீடு கட்டுகிறோம். அந்த வீடு கெட்டுப் போனால் இன்னொன்று கட்டுவதற்கு நமக்கு இன்னொரு ஆயுள் கிடையாது.

கட்டும்போது நிலத்தைப் பார்க்கிறோம், கிராண்டைப் பார்க்கிறோம், வாசல் எந்தத் திசை என்று ஜோசியரையும் பார்க்கிறோம். கல்லை மட்டும் பார்ப்பதில்லை. "கல்லுல என்னாண்ணே இருக்கு? எல்லாம் ஒண்ணுதான். மேலே பூசிட்டா யாருக்குத் தெரியும்?" என்று குத்தகைக்காரர் சொன்னால் தலையை ஆட்டி விடுகிறோம். பூசிவிட்டால் தெரியாதுதான். இரண்டு மூன்று மழைக்காலம் போகட்டும், சுவரே காட்டிக் கொடுத்துவிடும். அடியில் ஈரம் ஏறும், சாயம் உரியும், குளியலறைப் பூச்சு கையோடு பெயர்ந்து வரும்.

செங்கல்லின் அருமையை இந்த நாடு பட்டுத்தான் தெரிந்து கொண்டது. 1881ல் கோலாலம்பூரில் தீயும் வெள்ளமும் ஒரே ஆண்டில் வந்தன. பலகையும் அத்தாப்பும் கொண்டு கட்டிய கடைகள் அழிந்தன. அதன்பிறகு செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டடங்களைக் கட்டும்படி ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவிட்டார். அந்தக் காலத்துச் செங்கல் சூளைகளால்தான் நம்மவர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸுக்கு அந்தப் பெயரே வந்தது.

என்னென்ன கல்?

இன்று கடையில் கிடைப்பவை முக்கியமாக நான்கு வகை. முதலாவது, களிமண்ணைச் சூளையில் சுட்ட செங்கல். இரண்டாவது, சிமெண்டும் மணலும் சேர்த்து அச்சில் அழுத்திய சிமெண்டுக் கல். மூன்றாவது, நடுவில் பொந்து விட்ட பெரிய சிமெண்டுக் கல். நான்காவது, காற்றுக் குமிழிகள் நிறைந்த, பார்க்கப் பெரிதாகவும் தூக்க இலேசாகவும் இருக்கும் வெள்ளைக் கல்.

இதில் எது சிறந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. எந்த இடத்துக்கு எது என்றுதான் கேட்க வேண்டும்.

மண்ணுக்குள்ளும், தரையை ஒட்டியும், குளியலறையைச் சுற்றியும் நன்றாக வெந்த செங்கல்லே நல்லது. ஈரத்தில் கிடந்தாலும் அது கரையாது. உள்ளறைத் தடுப்புச் சுவருக்குச் சிமெண்டுக் கல் போதும், விலையும் குறைவு. ஆனால் அது நன்கு முற்றியிருக்க வேண்டும். நேற்று அச்சில் போட்டதை இன்று லோரியில் ஏற்றி வந்தால், காயக் காயச் சுருங்கிச் சுவரில் வெடிப்பு விடும். குறைந்தது 2 வாரம், முடிந்தால் 28 நாள் ஆன கல்லாகக் கேளுங்கள்.

பொந்துக் கல் வேலி மதிலுக்கு வசதி. வீட்டுக்கு வைத்தால் அந்தப் பொந்து வழியே கரையான் ஏறும் என்பதை மறந்துவிடக் கூடாது. வெள்ளைக் கல் வெயிலின் சூட்டைக் குறைக்கும். ஆனால் நீரை உறிஞ்சும். அதற்குத் தனிப் பசையும் பழகிய கொத்தனாரும் வேண்டும். சமையலறை அலமாரி மாதிரி கனமான சாமானைச் சாதாரண ஆணியில் அதில் தொங்கவிட முடியாது.

இன்னொரு சங்கதி. ஒரே சுவரில் செங்கல்லையும் சிமெண்டுக் கல்லையும் கலந்து வைக்க விடாதீர்கள். சிமெண்டுக் கல் சுருங்கும், செங்கல் அப்படிச் சுருங்காது. சேரும் இடத்தில் கீறல் விழும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், தரைக்கு மேல் அரை அடியில் ஈரம் ஏறாமல் விரிக்கிறார்களே ஒரு படலம், அந்த வரிசையோடு மாற்றச் சொல்லுங்கள். அந்தப் படலமே இல்லையென்றால் எந்தக் கல் வைத்தும் பிரயோசனமில்லை.

கையாலேயே சோதிக்கலாம்

படித்தவன்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. லோரி வந்ததும், இறக்குவதற்கு முன்னால், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்துக் கல்லை எடுங்கள்.

இரண்டு செங்கல்லை ஒன்றோடொன்று தட்டுங்கள். மணி மாதிரி கணீரென்றால் வெந்த கல். 'பொத்' என்றால் வேகாத கல்.

நகத்தால் கீறுங்கள். மாவு உதிர்ந்தால் வேண்டாம். சிமெண்டுக் கல்லாயின் மூலையைக் கட்டை விரலால் தேயுங்கள். மணல் கொட்டினால் சிமெண்டைத் திருடியிருக்கிறான் என்று அர்த்தம்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மண்ணுக்கு மண் நிறம் மாறும். ஆனால் வெளிறிப் போய் இலேசாக இருப்பது பெரும்பாலும் வேகாதது. கறுத்துக் கோணிப் போனது அதிகமாக வெந்தது. கோணல் கல் வரிசைக்கு வராது, பூச்சுத்தான் வீணாகும்.

கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. காய்ந்த செங்கல்லை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, ஒரு நாள் முழுவதும் வாளித் தண்ணீரில் போட்டு, துடைத்து மறுபடி நிறுங்கள். எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தால் அது வெளிச்சுவருக்கு ஆகாது. இதை மட்டும் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் மாதிரிக் கல் வாங்கிச் செய்து விடுங்கள்.

கணக்கில் ஏமாற வேண்டாம்

சாதாரணச் செங்கல் 215 மி.மீ. நீளம், 102.5 மி.மீ. அகலம், 65 மி.மீ. உயரம். சாந்தோடு சேர்த்தால் ஒற்றைக் கல் சுவருக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 60 கல் பிடிக்கும். 10 அடிக்கு 10 அடிச் சுவர் என்றால் சுமார் 550. உடைசலுக்குச் சேர்த்து 580 வாங்கலாம். ஆயிரம் செங்கல்லின் எடை ஏறக்குறைய இரண்டரை டன் இருக்கும். ஆகவே 3 டன் லோரியில் ஒரே நடையில் "மூவாயிரம் கல் வந்திருக்கு" என்று எவனாவது சொன்னால், கையெழுத்துப் போடாமல் எண்ணிப் பாருங்கள்.

மலிவு என்பதையும் கல்லுக்குக் கல் பார்க்காதீர்கள். ஒரு சுவர் முடிய கல், சாந்து, பூச்சு, கொத்துக்கூலி எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள்.

நம் நாட்டு வீடுகளில் பாரத்தைப் பெரும்பாலும் சிமெண்டுத் தூணும் உத்தரமும்தான் தாங்குகின்றன; கல் இடையை அடைக்கிறது. ஆனால் பின்பக்கம் ஒரு அறை இழுத்துக் கட்டும்போது தூண் போடாமல் சுவர் மேலேயே கூரையை ஏற்றுகிறவர்கள் உண்டு. அங்கே கல் மோசமென்றால் உயிருக்கே ஆபத்து. ஊராட்சி மன்றத்தில் பிளான் பாஸ் செய்து, தெரிந்தவரைக் கொண்டு கட்டுங்கள்.

வாய்ப்பேச்சு வேண்டாம். எந்த இடத்துக்கு எந்தக் கல், தரமில்லாத கல்லைத் திருப்பி அனுப்பும் உரிமை யாருக்கு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எழுதத் தெரியாதென்றால் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். பால் எடை ஒரு கிலோ குறைந்தால் கிராணியிடம் நின்று கேட்கிறோமே, வாழ்நாள் சம்பாத்தியம் லோரியில் வந்து இறங்கும்போது கேட்க என்ன வெட்கம்?